பாம்புக்கார முசே கேட்ட கேள்விகள்

1958-ம் வருஷம், புதுச்சேரியில் நடந்தது இது. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக இருந்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால் பிரெஞ்சு ஓரளவுக்கு வரும். உப்பளம் என்கிற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். இரண்டு வருஷமாக அக்காவும் எங்களோடு இருந்தாள்.

அக்காவை வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா நல்ல மனுஷர். அதிர்ந்து பேச மாட்டார். ஒரு கோடைக்காலத்தில், புழுக்கமாக இருக்கிறதென்று கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவரைப் பாம்பு கடித்துவிட்டது. விடிந்து அக்கா எழுப்பும்போது அவரால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. பாயைச் சுருட்டினால் அடியில் கட்டுவிரியன். மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று மாமியார் சொன்னார். அக்கா கேட்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, தானே மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்ட வைத்தாள். வில்லியனூர் வருவதற்குள் வண்டியிலேயே மாமாவின் மூச்சு நின்றுவிட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி ஆறியிருக்கும். அடுத்த மாதமே அதே ஊரில், பக்கத்துத் தெரு ஆள் ஒருவரைக் கட்டுவிரியன் கடித்தது. அவரை மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் எழுந்து ஏர் ஓட்டப் போனார். அவ்வளவுதான். ஊர் முழுக்க ஒரே பேச்சு. அந்த மந்திரிக்கிறவர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, புருஷனை வண்டியில் போட்டுக் குலுக்கிக் குலுக்கியே கொன்றுவிட்டாள் என்றார்கள். மாமியார் அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். ஒரு வயதுப் பெண் குழந்தையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். "அவனத் தின்னது போதும், இதாவது எங்கிட்ட இருக்கட்டும்" என்று வாசலில் நின்று சொன்னாராம்.

அக்கா சண்டை போடவில்லை. அதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மாமியார் சொன்னது சரிதான் என்று அவளே நம்பினாள். அழவும் மாட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே இருப்பாள், திடீரென்று கை நின்றுவிடும். "வண்டி பூட்டச் சொன்னது நான்தானே" என்பாள். யாரிடமும் சொல்வதில்லை, சும்மா சொல்வாள். நானும் அம்மாவும் மாற்றி மாற்றி ஆறுதல் சொல்லிப் பார்த்தோம். விதி என்றோம், கடவுள் என்றோம். சுவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் பாம்புகளைப் பற்றிப் பேச ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். பிரெஞ்சுக்காரர்களை எங்கள் ஊரில் 'முசே' என்போம். இவருக்குப் பெயரே பாம்புக்கார முசே. கடற்கரைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். பூச்சி, பறவை, செடி என்று எல்லாவற்றையும் ஆராய்ச்சி செய்கிறவர், ஆனால் பாம்புதான் அவருக்கு உயிர். தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறி வரும். அதனால் அவர் பிரெஞ்சில் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். பாம்புகளில் முக்கால்வாசிக்கு விஷமே இல்லை என்றார். கடித்தது எந்தப் பாம்பு என்றே தெரியாமல் எத்தனையோ வீடுகளில் சாவு நடக்கிறது என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். அவர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். இவரிடம் அக்காவைக் கூட்டிப்போனால் என்ன என்று கேட்டேன். அம்மா யோசித்தாள். "படிச்ச மனுஷன், வெள்ளக்காரன். அவன் சொன்னா நம்புவா. என்ன பண்ணியிருந்தாலும் அவரு பொழச்சிருக்க மாட்டாருன்னு மட்டும் சொல்லச் சொல்லு. அது போதும்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடக்கிற ஒரு பாம்பு. மூலையில் கம்பி வலை போட்ட பெட்டிகளில் உயிரோடும் சில இருந்தன. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் அம்மா சொன்னதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதற்குப் பதிலாக என்னால் முடிந்த உதவி செய்கிறேன் என்றும் சொன்னேன். பாம்புக்கடி பற்றிக் கிராமங்களுக்குப் போய் விசாரிக்கும்போது இவர் பேச்சு அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேச்சு இவருக்குப் புரியாது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூட வந்து மொழிபெயர்க்கிறேன் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உதவி தனக்கு ரொம்பத் தேவை என்று ஒப்புக்கொண்டார். கிராமத்தில் எதைக் கேட்டாலும் ஆண்கள் "ஆமாம் துரை" என்கிறார்களாம், பெண்களோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். ஆனால் அடுத்து அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "உங்கள் அக்காவைக் கூட்டி வாருங்கள். நீங்கள் உதவினாலும் உதவாவிட்டாலும் நான் அவரிடம் பேசுவேன். ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன். தெரியாததைச் சொல்ல மாட்டேன்." இன்னொன்றும் சொன்னார். நான் எதையும் அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கக் கூடாது, அவள் மனதில் இருக்கிறது அப்படியே வர வேண்டும் என்றார்.

இது வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன். அந்த மனுஷர் பாட்டுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனது தப்பு என்று சொல்லிவிட்டால்? அக்கா என்ன ஆவாள்? ஆனால் இருக்கிற நிலைமையைவிட மோசமாக என்ன ஆகிவிடும் என்றும் தோன்றியது.

அக்கா முதலில் வர மறுத்தாள்.

"செத்த பாம்ப பாத்து நான் என்ன பண்ணப் போறேன்?"

"பாம்ப பாக்க வேணாங்கா. உனக்குக் கேக்கணும்னு இருக்கில்ல, அத அவருகிட்ட கேளு. எங்களுக்குப் பதில் தெரியல" என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை எழுப்பியது என்று நினைக்கிறேன். அதுவரை நாங்கள் எல்லாம் தெரிந்த மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். முசே வாசலுக்கே வந்து அக்காவுக்குக் கை கூப்பினார். ஜாடிகள் இருக்கும் அறையில் உட்கார வைக்கவில்லை. பின்கட்டில், வேப்ப மரத்தைப் பார்த்த மாதிரி நாற்காலி போட்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நேராகக் கேள்விக்கு வந்தார். அவர் எங்கே படுத்திருந்தார்? தரையா, கட்டிலா? கூடத்தில் எலி உண்டா? உடம்பில் கடிவாய் தெரிந்ததா? வீக்கம் இருந்ததா? முதலில் என்ன சொன்னார்? விழுங்க முடிந்ததா? கண் இமை இரண்டும் விழுந்ததா, ஒன்றா?

அக்கா ஆரம்பத்தில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு இரண்டு வார்த்தை. பிறகு நான் மொழிபெயர்க்க முடியாத வேகத்தில் கொட்டத் தொடங்கிவிட்டாள். கடிவாய் தேடித் தேடிப் பார்த்தும் தெரியவில்லை என்றாள். வீக்கமே இல்லை என்றாள். தண்ணீர் கொடுத்தபோது வாயோரம் வழிந்ததைச் சொன்னாள். வண்டியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் அவர் இமையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். தன்னைப் பார்க்கட்டும் என்று. அவர் பார்த்தாராம். உடம்பு முழுக்கச் செத்த பிறகும் கண்மணி மட்டும் இவள் பக்கம் நகர்ந்ததாம். இதை எங்களிடம் அவள் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதே இல்லை. அவள் புருஷன் எப்படிச் செத்தார் என்று இரண்டு வருஷத்தில் யாருமே அவளிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும்தான் எல்லாரும் கேட்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முசே எனக்காகக் காத்திருந்தார். அக்கா அழவில்லை.

பிறகு பக்கத்துத் தெரு ஆளைக் கடித்த பாம்பைப் பற்றிக் கேட்டார். அதையும் அக்கா பார்த்திருக்கிறாள். அடித்து வேலியில் போட்டிருந்தார்களாம். ஊருக்குப் பாம்புமேல் வந்த கோபம் அவளுக்கும் வந்து, போய் நின்று பார்த்திருக்கிறாள்.

முசே உள்ளே போய் இரண்டு ஜாடிகளைக் கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் மேஜைமேல் வைத்தார். எது என்ன பாம்பு என்று சொல்லவில்லை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. இருண்ட நிற உடம்பில் வெள்ளைப் பட்டை. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அக்கா எழுந்து வந்தாள். முதல் ஜாடியின் முன்னால் நின்றாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து நான் கையைப் பிடித்தேன்.

"இதுதான் பாயில இருந்தது" என்றாள்.

இரண்டாவது ஜாடியை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடிமேல் விரலை வைத்தாள். "வேலியில கெடந்தது இது. தலைப்பக்கம்தான் பட்டை இருக்கு. வாலுல ஒண்ணும் இல்ல, வெறும் பழுப்பு. அங்கயும் அப்டித்தான் இருந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டும் வேற வேறயா?" என்றாள்.

வேறு வேறுதான். இரண்டாவதற்கு விஷமே கிடையாது. கட்டுவிரியன் மாதிரியே இருப்பதால் ஊரில் அதையும் கட்டுவிரியன் என்றே நினைத்து அடிப்பார்கள் என்று முசே சொன்னார். அது கடித்தால் மந்திரித்தாலும் பிழைக்கலாம், மந்திரிக்காவிட்டாலும் பிழைக்கலாம், தூங்கி எழுந்தாலும் பிழைக்கலாம்.

அக்கா அவரையே பார்த்தாள். என்னைப் பார்க்காமல் நேராக அவரிடம் கேட்டாள். "அப்போ, மந்திரிக்கிறவரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா?"

அவருக்கே அது புரிந்துவிட்டது. தமிழிலேயே சொன்னார். "இல்லம்மா. அப்பவும் உயிர் போயிருக்கும்." கட்டுவிரியன் விஷத்துக்கு ஊசி மருந்து ஒன்றுதான் வழி, நீங்கள் அந்த வழியில்தான் போயிருக்கிறீர்கள் என்று அப்புறம் பிரெஞ்சில் சொல்லி என்னைச் சொல்லச் சொன்னார்.

"இன்னும் சீக்கிரம் கெளம்பியிருந்தா?"

எனக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அவர் பிரெஞ்சில் பதில் சொல்லியிருந்தால் நான் எதையாவது மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் என்னிடம் விடவில்லை.

"தெரியாது" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை, உடைந்துபோகவும் இல்லை. அவர் பிறகு ஒன்று கேட்டார். இந்த விஷத்துக்குப் பெரும்பாலும் முதலில் வயிறுதான் வலிக்குமாம். வயிற்று வலியோ வாந்தியோ எப்போது ஆரம்பித்தது? அக்காவுக்குத் தெரியவில்லை. உள்ளறையில் குழந்தையோடு படுத்திருந்ததால் விடிந்துதான் அவள் பார்த்திருக்கிறாள். "மாடு கறக்க அத்தைதான் மொதல்ல எழுந்திருப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்" என்றாள். அப்படியானால் அவர்களிடமும் கேட்க வேண்டும் என்றார் முசே. நாங்கள் கிளம்பும்போது அக்கா சொன்னாள், "நானும் வர்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முசேயின் பழைய காரில் அந்தக் கிராமத்துக்குப் போனோம். ஜாடி எதையும் அவர் கொண்டு வரவில்லை. கேட்டதற்கு, பாம்பு எது என்று தெரிந்தாகிவிட்டது, நியாயம் பேசப் போகவில்லை என்றார்.

வாசலில் கார் நின்றதும் தெருவே கூடிவிட்டது. மூன்று வயசுக் குழந்தை கதவோரம் நின்று எங்களைப் பார்த்தது. பெற்ற அம்மாவையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா இரண்டடி வைத்து அப்படியே நின்றுவிட்டாள். மாமியார் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. நான் கதவருகே போய், முசே சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அத்தை, இவரு யாரையும் குறை சொல்ல வரல. மாமாவக் கடிச்ச பாம்போட விஷம் எப்டி ஏறுச்சுன்னு தெரிஞ்சா, இன்னொருத்தருக்கு வைத்தியம் பண்ண உதவுமாம். அன்னிக்கு அவரு எப்போ எழுந்தாரு, என்ன சொன்னாருன்னு உங்ககிட்டதான் கேக்கணுமாம்."

முசே வாசல் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கூட்டம் கலைந்தது. போய்விடலாம் என்று நான் ஜாடை காட்டினேன், அவர் அசையவில்லை.

கடைசியில் மாமியார் வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"கோழி கூவறதுக்கு முன்னாடியே எழுந்துட்டான். தொழுவத்துக்கு வந்து, வயித்த வலிக்குதும்மான்னான். ராத்திரி கம்பங்கூழு ஒத்துக்கலன்னு நெனச்சேன். சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டுப் போயி படுத்துக்கடான்னேன். நாந்தான் சொன்னேன், படுத்துக்கன்னு. அவன் போயி அதே பாயில படுத்துட்டான்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பிரெஞ்சே மறந்துவிட்டது. முசே பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். இந்த விஷயம் இதுவரை யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக இந்த அம்மாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பாரம் தாங்காமல் என் அக்கா தலையில் இறக்கியிருக்கிறார்.

அக்கா என்ன செய்யப் போகிறாளோ என்று பயந்து திரும்பினேன். கத்தியிருந்தால் நியாயம்தான். அவளிடமிருந்து பிள்ளையைப் பறித்த மனுஷி இவர். அக்கா மெதுவாக நடந்து வந்து மாமியாருக்குப் பக்கத்தில், அதே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"வயித்து வலின்னு வந்தா யாரா இருந்தாலும் கஷாயம்தான் வெச்சுக் குடுப்பாங்க அத்தை. எங்கிட்ட சொல்லியிருந்தாலும் நானும் அதத்தான் பண்ணியிருப்பேன்."

மாமியார் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அப்பவே வண்டி கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

"தெரியாதாம் அத்தை. இவருகிட்ட நான் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியாதாம்" என்றாள் அக்கா.

போன வாரம் எந்த வார்த்தையை அவள் காதில் போடப் பயந்தேனோ, அந்த வார்த்தையை அவள் இப்போது மருந்து மாதிரி இன்னொருத்திக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். மாமா செத்ததற்கு அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். முசே எழுந்து தொழுவத்துப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அன்று அக்கா எங்களோடு திரும்பவில்லை. குழந்தை அவளிடம் ஒட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மாமியாரும் அவளும் அதன்பிறகு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சண்டை வரும், பேசாமல் இருப்பார்கள், மறுபடி பேசுவார்கள். சாதாரண வீடு மாதிரி ஆகிவிட்டது.

நான் வாக்குக் கொடுத்தபடி ஞாயிற்றுக்கிழமைகளில் முசேயோடு ஊர் ஊராகப் போனேன். கொஞ்ச நாளிலேயே அக்காவும் சேர்ந்துகொண்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "நீ கேட்டா அவங்க சொல்ல மாட்டாங்க. நான் கேக்கறேன், நீ அவருக்குச் சொல்லு" என்றாள். அப்படித்தான் ஆயிற்று. சாத்திய கதவுக்கு முன்னால் போய் உட்காருவாள். "எங்க வீட்லயும் இப்டி ஆச்சு" என்று மட்டும் சொல்வாள். கதவு திறக்கும். எங்கே படுத்திருந்தாங்க, என்ன சொன்னாங்க என்று கேட்பாள். ஏன் இப்படிச் செய்யவில்லை என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. அவள் கேட்கக் கேட்க முசே எழுதிக்கொள்வார். தனக்கு அமைந்த ஆராய்ச்சியாளர்களிலேயே அக்காதான் முதன்மையானவர் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தபோது அக்கா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றாள்.

பாம்பு கடித்தால் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மந்திரிக்கப் போவதை நிறுத்திவிடவில்லை. ஆனால் அதே நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வண்டியும் கட்டினார்கள். அப்படி வந்ததில் சிலர் பிழைத்தார்கள்.

சில வருஷம் கழித்து முசே உடம்புக்கு முடியாமல் பிரான்சுக்கே போய்விட்டார். கப்பலேறப் புறப்படும்போது அக்காவும் நானும் போய் வழியனுப்பினோம். நல்லதாக ஒரு பொய் சொல்லும்படி நான் அவரிடம் கேட்டதை அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. சாவு விழுந்த வீட்டுக்குப் போனால் எல்லாரையும் போல எனக்கும் ஏதாவது ஆறுதல் சொல்லத்தான் முதலில் வாய் வரும். அதை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்கிறேன். பெரும்பாலும் அதற்கு மேல் நான் எதுவும் பேச வேண்டியிருப்பதில்லை.